டோலிக்கு எட்டு மைல்

அந்தக் காலத்தில் போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கடைகள் இருக்கும் தெருவில் போய் சௌந்தரபாண்டியன் எங்கே என்று கேட்டால், எந்தச் சௌந்தரபாண்டியன் என்பார்கள். எக்ஸு எங்கே என்று கேட்டால் ஆதித்தன் கடையைக் கை காட்டுவார்கள். அங்கே தராசுக்குப் பக்கத்தில், காதில் பென்சிலும் சட்டைப்பையில் மடித்த தாளுமாக நிற்கிற ஒல்லி ஆள்தான் அவன்.

பள்ளி இறுதிப் பரீட்சையால் வந்த பெயர் அது. மூன்று தடவை எழுதினான், மூன்று தடவையும் கணக்கில் போயிற்று. தமிழ் தேறும். இங்கிலீசு தட்டுத்தடுமாறித் தேறும். கணக்கில் மட்டும் நாலைந்து மார்க்கில் கால் வழுக்கும். அதிலும் அல்ஜீப்ராவில் தூரம், வேகம், நேரம் என்று வருகிற கணக்குகள். ஒருத்தர் இங்கிருந்து இத்தனை மைல் வேகத்தில் புறப்பட்டார், இன்னொருத்தர் அங்கிருந்து எதிரே வந்தார், எந்த இடத்தில் எத்தனை மணிக்குச் சந்திப்பார்கள்? இந்த ஆட்கள் எதற்காகப் புறப்பட்டார்கள், சந்தித்து என்ன பேசினார்கள் என்று யோசித்துக்கொண்டு இருப்பான். அதற்குள் மணி அடித்துவிடும்.

வேறு ஒருவன் என்றால் புத்தகத்தைத் தூக்கிப் பரணில் போட்டிருப்பான். இவன் விடாக்கண்டன். ராசிங்காபுரத்தில் இருக்கிற அக்கா வீட்டுக்கு நடந்து போனால்கூட, "தூரம் எக்ஸு, வேகம் மூணு, நேரம் எக்ஸு கீழ மூணு" என்று முணுமுணுத்துக்கொண்டே போவான். தெரியாத ஒன்றுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் அது பாதி தெரிந்துவிட்டது என்பது அவனுடைய நம்பிக்கை. கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் மூட்டை மேல் தாளை விரித்துக்கொள்வான்.

"எலேய் எக்ஸு, எனக்கு மதியச் சோறு எத்தனை மணிக்கு வரும்னு போட்டுச் சொல்லு" என்பார் முதலாளி ஆதித்தன்.

"வீடு அரை மைலு மொதலாளி. கொண்டார்ற ஆளோட வேகம் தெரியணும்."

"எங்க மாமியா கொண்டாருது."

"அப்ப சாயங்காலம்தான்."

கடையே சிரிக்கும். ஆதித்தனும் சிரிப்பார்.

அவனுக்கு இருபத்து நாலு வயதில் கல்யாணம் ஆயிற்று. பெண் சந்திரவல்லி, மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பா வீரையா ஒரு ஏலத்தோட்டத்தில் கங்காணி. போடியில் இருந்து போடிமெட்டுக்கு ஏறுகிற ரோட்டில் பாதி தூரத்தில் ஒரு இலவமரம் நிற்கும். அந்த வளைவில் இருந்து ஒற்றையடிப் பாதை பிரிந்து மேலே ஏறும். சுற்றிச் சுற்றி வருகிற அதே ரோட்டை ஊத்துப்பாறை என்கிற இடத்தில் ஒரு தடவை குறுக்கே கடக்கும். அதற்கு மேல் காடு, அப்புறம் தோட்டம், அதற்குள் வீரையாவின் வீடு. இலவமரத்தைக் கீழ் வளைவு என்பார்கள், ஊத்துப்பாறையை மேல் வளைவு என்பார்கள்.

மறுவீட்டுக்குப் போன அன்றைக்கு, கால் கெஞ்ச கெஞ்ச ஏறி முடித்து உட்கார்ந்தவன் மாமனாரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"கீழ் வளைவுல இருந்து இங்க எத்தனை மைலு மாமா?"

"ஏறுனா ஆறு மைலு மாப்ளே."

"அப்ப இறங்குனா?"

"நாலு."

சௌந்தரபாண்டியனுக்குக் குடித்த தண்ணீர் புரையேறிவிட்டது. "ஒரே பாதை மாமா. ஏறினாலும் இறங்கினாலும் தூரம் ஒண்ணுதானே?"

"போடியில ஒண்ணா இருக்கும்" என்றார் வீரையா, கொஞ்சமும் சிரிக்காமல். "இங்க ஏலக்காச் சாக்கோட ஏறுனா ஒம்பது."

மலையில் யாரும் மைல்கல் நட்டதில்லை. தோட்டத்துச் சனங்களுக்கு மைல் என்றால் கால் படுகிற பாடு. ஒரு ஆள் இத்தனை பொழுது நடந்தால், இத்தனை மூச்சு வாங்கினால், அது ஒரு மைல். ஆள் மாறினால், சுமை மாறினால், மழை பெய்தால் மைலும் மாறும். அவர்களுக்குள் அதில் குழப்பமே வந்ததில்லை.

சௌந்தரபாண்டியன் அன்று ராத்திரியே தாளை எடுத்துவிட்டான். "ஆறும் நாலும் பத்து, அதுல பாதி அஞ்சு. நெசமான தூரம் அஞ்சு மைலு" என்று மனைவியிடம் சொன்னான்.

"அஞ்சு மைலுன்னு அந்தப் பாதையில யாருமே நடந்ததில்லையே" என்றாள் சந்திரவல்லி.

"ஒங்க ஊரு மைலு ரப்பரு மைலு."

"ஒங்க எக்ஸு மட்டும் என்னவாம்? அதுவும்தான் நேத்து மூணா இருந்துச்சு, இன்னைக்கு பதினேழா இருக்கு."

அவனுக்கு அவளைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

அடுத்த வருஷம் ஏழாம் மாதம் வளையல் போட்டு, தலைப்பிரசவத்துக்கு அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பினார்கள். பெற்றவர்கள் மலையில் இருந்ததால் மலைக்குத்தான் போனாள். போகும்போது, "மார்ச்சு மாசம் பரீட்சை. பாஸ் பண்ணிட்டு வந்து பிள்ளையத் தூக்குங்க" என்றாள். "பாஸ் பண்ணலைன்னா தூக்க விடமாட்டியா?" என்றான். "யோசிப்பேன்" என்று சிரித்துவிட்டு ஏறினாள். கீழ் வளைவில் இலவமரத்தடியில் நின்று, அவளுடைய மஞ்சள் சேலை மரங்களுக்குள் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு இருந்தான்.

கார்த்திகை மாதம், விடாத மழைக்கு நடுவே ஒரு வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்குத் தோட்டத்து ஆள் அமாவாசை கடை வாசலில் வந்து நின்றான். அவன் கால் இரண்டிலும் அட்டை கடித்த ரத்தம்.

"அண்ணே, தங்கச்சிக்கு முந்தாநேத்து ராத்திரி பிடிச்ச வலி. பிள்ளை எறங்க மாட்டேங்குது. மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. விடிஞ்சதும் ஆறு மணிக்கு டோலியில தூக்கிக் கெளம்பணும்னு கங்காணி சொன்னாரு. நான் அஞ்சுக்கே எறங்கிட்டேன். கீழ் வளைவுல லாரி கெடச்சுது. டாக்டரம்மாவ ஜீப்புல மேல் வளைவுக்குக் கூட்டியாரச் சொன்னாரு. வெரசா வாங்கண்ணே."

ஆதித்தன் தன் ஜீப்பைக் கொடுத்தார். ஓட்டுகிறவர் மொக்கச்சாமி, அந்த ரோட்டில் ஒவ்வொரு கல்லையும் தெரிந்தவர். ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் தேவகிருபை உடனே பையை எடுத்துக்கொண்டு வந்தார். வண்டியில் ஏறும்போதே ஒன்று சொன்னார்.

"வார்டுல ஒரு பொண்ணு ஜன்னி கண்டு கெடக்கா. பதினொன்றரைக்குள்ள நான் திரும்பி வந்தாகணும். எங்க போகணுமோ நேரா அங்க போங்க. அலைய நேரம் இல்ல."

அப்போதுதான் சௌந்தரபாண்டியன் சட்டைப்பையில் இருந்து தாளை எடுத்தான். மனசு ஆச்சரியமாகத் தெளிந்து இருந்தது. வருஷக்கணக்காக அவன் போட்டுப் பழகிய கணக்கு அப்படியே எதிரில் வந்து நின்றது. ஒருத்தர் மேலே இருந்து புறப்பட்டார், இன்னொருத்தர் கீழே இருந்து. எங்கே சந்திப்பார்கள்?

தூரம் x. அது ஐந்து என்று கண்டுபிடித்தாயிற்று. டோலி மணிக்கு இரண்டு மைல். நேரம் x ÷ 2. இரண்டரை மணி. ஆறு மணியோடு இரண்டரையைக் கூட்டினால் எட்டரை.

"எட்டரைக்கு டோலி கீழ் வளைவுக்கே வந்திரும்" என்றான். "மேல் வளைவ ஏழேகாலுக்கே தாண்டிருப்பாங்க. நாம இப்ப மேல போனோம்னா, நாம ரோட்டுல ஏற, அவங்க பாதையில எறங்க, ஒருத்தர ஒருத்தர் பாக்காமப் போயிருவோம்."

"அண்ணே, கங்காணி மேல் வளைவுன்னுதான் சொன்னாரு" என்றான் அமாவாசை.

"அவரு சொல்லும்போது மணி அஞ்சு. இப்ப எட்டேகாலு."

"டோலிக்கு எறக்கம் எட்டு மைலுண்ணே."

"தூரம் எப்படிய்யா டோலிக்கு ஒண்ணு ஆளுக்கு ஒண்ணுன்னு மாறும்?" அவன் குரல் உயர்ந்துவிட்டது. "பூமி ஒண்ணுதானே?"

அமாவாசை தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு எழுதத் தெரியாது. தாளில் எழுதி வைத்ததை எதிர்த்து என்ன பேச முடியும்? டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நிச்சயமா?" என்று சௌந்தரபாண்டியனிடம் கேட்டார்.

"நிச்சயம்மா" என்றான்.

ஒன்பது மணிக்கு ஜீப்பு இலவமரத்தடிக்கு வந்து நின்றது. அங்கே ஒருத்தரும் இல்லை. மழை தூறிக்கொண்டு இருந்தது. பாதையில் மஞ்சள் தண்ணீர் ஓடிவந்தது.

"மழை. கொஞ்சம் தாமதம் ஆகும்" என்றான்.

ஒன்பதரை ஆயிற்று. பத்து ஆயிற்று. மொக்கச்சாமி பீடியை எறிந்துவிட்டு இறங்கி வந்தார்.

"தம்பி, ரோட்டுல இருபது நிமிசம். ஒரு மிதி மிதிச்சா மேல் வளைவு. பாத்துட்டு வந்திருவோமா?"

அந்த ஒரு கேள்வியைத்தான் சௌந்தரபாண்டியன் பிற்பாடு ஆயிரம் தடவை கேட்டுக்கொண்டான். அன்றைக்கு அவன் கணக்கு அவனை விடவில்லை. எட்டரைக்கு வந்திருக்க வேண்டியவர்கள் பத்து மணிக்கும் வரவில்லை என்றால் அவர்கள் இந்தக் கடைசித் திருப்பத்துக்கு அந்தப் பக்கம்தானே இருக்க வேண்டும்? நேரம் ஆக ஆக, கணக்குப்படி அவர்கள் கிட்டே வந்துகொண்டேதானே இருக்கிறார்கள்? இத்தனை நேரம் காத்துவிட்டு இந்த நிமிஷம் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய், அந்த நிமிஷம் டோலி வந்துவிட்டால்?

"இந்தா வந்திருவாங்க" என்றான். "இன்னும் பத்தே நிமிசம்."

பத்தே நிமிஷம் என்று நாலு தடவை சொன்னான். பத்தே முக்காலுக்கு டாக்டரம்மா அவன் தோளைத் தொட்டார். "அங்க ஒரு உசுரு கெடக்குப்பா" என்றார். பையில் இருந்து பஞ்சும் துணியும் இரண்டு சீசா மருந்தும் எடுத்துக் கொடுத்து, எதை எப்போது கொடுக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. "மொக்கச்சாமிய உடனே திருப்பி அனுப்புறேன்" என்றார். ஜீப்பு இறங்கிப் போனது. சௌந்தரபாண்டியன் பாதையில் ஏறி ஓடினான், பின்னாலேயே அமாவாசை.

டோலி அவர்களுக்கு எதிரே வந்தபோது பதினொன்றே முக்கால் இருக்கும். கம்பளியை மூங்கிலில் கட்டி முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். அவர்கள் நடக்கவில்லை, ஒவ்வொரு அடியாகப் பாதத்தை ஊன்றி ஊன்றி வைத்தார்கள். டோலியை ஏற்றத்தில்கூடத் தூக்கிவிடலாம். இறக்கத்தில் முன்னால் போகிறவன் சறுக்கினால் எல்லாம் போயிற்று. வலி வருகிற போதெல்லாம் கீழே இறக்கி வைக்க வேண்டும். வளைவு வளைவுக்கு மூங்கிலைத் தலைக்கு மேலே தூக்கித் திருப்ப வேண்டும். ஆறு மணிக்குக் கிளம்பியவர்கள் மேல் வளைவுக்கு வந்தபோது பத்து மணி. வண்டி வரும் வரும் என்று அங்கேயே ஒரு மணி நேரம் காத்திருக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குள், ரோட்டோரத்தில், நாலு பேர் பிடித்த தார்ப்பாய்க்குக் கீழே, பிள்ளை பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. சௌந்தரபாண்டியனின் மாமியார் குருவம்மாள் அதைத் தன் வயிற்றோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். அவளுக்கு அன்றைக்கு அழக்கூட நேரம் இல்லை.

பிள்ளை நன்றாக இருந்தது. தாய்க்குத்தான் ரத்தம் நிற்கவில்லை. டாக்டரம்மா கொடுத்த மருந்தை ஊட்டினார்கள். பாதி வாயோரத்தில் வழிந்தது.

சந்திரவல்லி கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். "ஜீப்பு?" என்றாள்.

"கீழ நிக்குது" என்றான். "கிட்டத்துலதான்."

அவள் சரி என்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

முன்பக்கம் ஒரு ஆளை மாற்றிவிட்டு அவனே மூங்கிலைத் தோளில் வாங்கினான். அப்போதுதான் அந்தப் பாதை அவனுக்குத் தெரிந்தது. இலவமரத்துக்கு வந்து சேர்ந்தபோது ஒன்றரை. மொக்கச்சாமி ஜீப்பைத் திருப்பி நிறுத்திக் காத்திருந்தார். டோலியைப் பார்த்தார், தலைத்துண்டை எடுத்துவிட்டார். எந்த இடத்தில் உயிர் போனது என்று தூக்கி வந்தவர்கள் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

வீரையா அவனை ஒரு சொல் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, யாரோ ஒரு உறவுக்காரர், "மேல் வளைவுன்னுதானே சொல்லிவிட்டீக, பெறகு ஏன் வண்டி வரல?" என்று ஆரம்பித்தார். "மழை" என்றார் வீரையா. அதோடு பேச்சை முடித்துவிட்டார். அமாவாசையும் வாயைத் திறக்கவில்லை. ஒருத்தராவது அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால், நாலு அறை விட்டிருந்தால், அவன் கொஞ்சம் தூங்கியிருப்பான்.

மார்ச்சு மாதம் பரீட்சைக்குப் போனான். அவள் போகச் சொன்னதால் போனான். கணக்குத் தாளில் ஏழாவது கேள்வி: ஒருவர் மணிக்கு இரண்டு மைல் வேகத்தில் ஒரு குன்றின் மேல் ஏறி, மணிக்கு மூன்று மைல் வேகத்தில் அதே வழியில் இறங்கினார். மொத்தம் ஐந்து மணி நேரம் ஆயிற்று. தூரம் என்ன? பார்த்தவுடனே விடை தெரிந்தது. ஆறு. இத்தனை வருஷத்தில் ஒரு கணக்கு அவனுக்கு இப்படி ஒரு மூச்சில் வந்ததே இல்லை. x ÷ 2, கூட்டல், x ÷ 3 என்று வரைக்கும் எழுதினான். சமம் என்று கோடு போடப் பேனாவை வைத்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அந்த ஆள் ஏறும்போது சும்மா ஏறினானா, எதையாவது சுமந்துகொண்டு ஏறினானா? இறங்கும்போது கூட யார் இருந்தார்கள்? மழையா? மணி அடித்தது. தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தான். நாலாவது தடவையும் போயிற்று. அதற்குப் பிறகு எழுதவில்லை.

பிள்ளைக்குப் பொன்னுமணி என்று பெயர் வைத்தார்கள். மலையில் தாத்தா பாட்டியிடம்தான் வளர்ந்தாள். வாயில் ஒரு வார்த்தை வாங்க முடியாத வீரையா, அந்தப் பிள்ளை தன் மீசையைப் பிடித்து இழுத்தால் மட்டும் வாய்விட்டுச் சிரிப்பார். "பிடியப் பாரு, பிடியப் பாரு, ஏலக்கா ஆய ஆள் ரெடி" என்பார். அவள் தும்மினாலும் அவருக்கு ஒரு அதிசயம், கொட்டாவி விட்டாலும் அதிசயம், தோட்டத்தையே கூப்பிட்டுக் காட்டுவார். சௌந்தரபாண்டியன் ஞாயிறு தவறாமல் ஏறிப் போவான். தள்ளி உட்கார்ந்து பார்ப்பான். குருவம்மாள் பிள்ளையை அவன் மடியில் கொண்டுவந்து வைத்தால் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவான். "தூக்கிக்கிட்டு நடங்க மாப்ளே, அழ மாட்டா" என்பாள். ஆனால் அவன் எழுந்து நடக்க மாட்டான்.

பிள்ளைக்கு ஒரு வயது முடிந்த கார்த்திகையில் கடையில் இருந்து ஒரு நீளக் கயிறு வாங்கிப் போனான். அறுபத்தாறு அடிக்கு முடிச்சுப் போட்டு, ஒரு முனையை அமாவாசையிடம் கொடுத்தான். இலவமரத்தில் இருந்து வீரையாவின் வாசல் வரைக்கும் கயிற்றைப் போட்டு அளந்தார்கள். ஒரு பகல் பூராவும் ஆயிற்று. எண்பது கயிறு ஒரு மைல். நானூற்று மூன்று கயிறு வந்தது.

"எத்தனை மைலுண்ணே?" என்றான் அமாவாசை.

"அஞ்சு. அதுக்கு மேல மூணு கயிறு."

"அப்ப நீங்க போட்ட கணக்கு சரிதானா?"

"தூரம் சரி" என்றான் சௌந்தரபாண்டியன். கயிற்றைச் சுருட்டினான். அவனுடைய x தப்பவே இல்லை. அந்தச் சனங்கள் நாலு, ஆறு, எட்டு என்று சொன்னதில் நேரம் முன்பே கலந்து இருந்தது. அதைத் தனியே பிரித்து எறிந்துவிட்டு, பதிலுக்குப் புத்தகத்தில் இருந்து ஒரு இரண்டை எடுத்து வைத்தது அவன்தான். டோலி தூக்கியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அமாவாசை சொல்லவும் சொன்னான்.

அதற்குப் பிறகு அவன் காதில் பென்சில் வைப்பதில்லை. எக்ஸு என்று கூப்பிடுவதைத் தெருவும் தானாக விட்டுவிட்டது. ஆதித்தன்கூட, "சௌந்தரம், மணி என்னாச்சு?" என்று மட்டும்தான் கேட்பார்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் இலவமரத்தடியில் ஒரு டீக்கடை வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சௌந்தரபாண்டியன் அங்கே டீ குடித்துக்கொண்டு இருந்தபோது, தோட்டத்து ஆபீசுக்குப் புதிதாக வந்த எழுத்தர் ஒருவர், வெள்ளை வேட்டியும் தோல்பையுமாக ஜீப்பில் இருந்து இறங்கினார். பாதையைப் பார்த்தார், இவனைப் பார்த்தார்.

"ஏங்க, தோட்டத்துக்கு இதானே வழி? எத்தனை மைலு இருக்கும்?"

"ஏறுறதுக்கு ஆறு" என்றான் சௌந்தரபாண்டியன்.

"அதென்ன ஏறுறதுக்கு?" அவர் சிரித்துவிட்டார். "அப்ப இறங்குறதுக்கு?"

"எட்டு."

"இறக்கத்துல குறையத்தானே செய்யணும்? கூடுதுங்கிறீங்க?"

சௌந்தரபாண்டியன் டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். பொன்னுமணிக்கு வாங்கிய பொரி உருண்டைப் பொட்டலம் நனையாமல் இருக்கச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். மேலே மேகம் இறங்கி இருந்தது.

"வர்றதா இருந்தா வாங்க. மழைக்கு முந்தி மேல் வளைவத் தாண்டிரணும்" என்று சொல்லிவிட்டு ஏற ஆரம்பித்தான்.